பவானிசாகர் தண்ணீரில் ஜிபிஎஸ் ஏன் விட்டுப்போனது?

கோபியைச் சேர்ந்த ஒரு தம்பி கேட்டிருக்கிறார். பவானிசாகர் நீர்த்தேக்கத்தில் வண்டல் எவ்வளவு படிந்திருக்கிறது என்று அளக்கும் குழுவில் அவருக்கு வேலை. படகில் ஆழம் பார்க்கும் எக்கோ சவுண்டரும், இடம் பார்க்கும் ஜிபிஎஸ் ரிசீவரும் இருக்கின்றன. புரட்டாசி கடைசியில் ஒரே நாளில் இரண்டு தடவை சிக்னல் போயிருக்கிறது. காலை 11 மணி வாக்கில் லிங்காபுரம் பக்கம் போய்க்கொண்டிருந்தபோது ரிசீவரில் ஒரு சாட்டிலைட்கூட இல்லாமல் எல்லாம் அணைந்துவிட்டது; பக்கத்துப் பலகையில் வைத்திருந்த போனிலும் அப்படியே. பின்னால் உட்கார்ந்திருந்த படகுக்காரரின் போன் மட்டும் ஒழுங்காகக் காட்டியது. கால் மணி நேரத்தில் எல்லாம் தானாகத் திரும்பிவிட்டது. மோட்டார் மக்கர் செய்ததால் அன்று இருட்டிய பிறகுதான் திரும்ப முடிந்தது. மாயாறு பக்கத்திலிருந்து வரும்போது, இரவு 8 மணிக்கு மேல், மறுபடி ஃபிக்ஸ் (சென்டிமீட்டர் துல்லியத்தில் இடம் பிடித்துவிட்டதாக ரிசீவர் காட்டும் நிலை) போவதும் வருவதுமாக இருந்திருக்கிறது. இரண்டு நேரமும் வானம் துடைத்துவிட்டது போலத்தான் இருந்ததாம். “அண்ணா, ராணுவத்துல ஜாம் பண்றாங்களா, இல்ல எங்க ரிசீவர் போச்சா?” என்பது கேள்வி.

தம்பி, நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே கோளாறு அல்ல. காலையில் நடந்ததற்குக் காரணம் உங்கள் படகுக்குள்ளேயே இருக்கிறது. இரவில் நடந்ததற்குக் காரணம் தலைக்கு மேலே சில நூறு கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டதால்தான் காரணமே தெரியாத மாதிரி தோன்றுகிறது. ரிசீவரை மாற்றச் செலவு செய்யும் முன் கீழே சொல்வதைச் செய்து பாருங்கள்.

முதலில், “சிக்னல் போச்சு” என்று நாம் சொல்வதில் மூன்று வேறு விஷயங்கள் கலந்துகிடக்கின்றன. போனில் மேப் வராமல் கட்டம் கட்டமாக நிற்பது நெட் இல்லாததால். சாட்டிலைட்டுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. மாயாறு முகத்துவாரம் பக்கம் டவர் கிடைக்காது, அங்கே இது சாதாரணம். அடுத்தது, சர்வே ரிசீவரில் ஃபிக்ஸ் போய் ஃப்ளோட் என்று காட்டுவது. கரையில் ஒரே இடத்தில் நிறுத்தி வைத்த பேஸ் ரிசீவரிலிருந்தோ நெட் வழியாகவோ வரும் திருத்தம் நின்றால்கூட அப்படி ஆகும். அப்போது சாட்டிலைட் எண்ணிக்கை குறையாது, துல்லியம் மட்டும் சென்டிமீட்டரிலிருந்து மீட்டருக்கு இறங்கும். மூன்றாவதுதான் உண்மையான இழப்பு: சாட்டிலைட்டின் சிக்னலே ரிசீவருக்குக் கேட்காமல் போவது. உங்களுக்குக் காலையில் நடந்தது இது. இரவில் நடந்தது இதற்கும் இரண்டாவதற்கும் நடுவில்.

அந்த சிக்னல் எவ்வளவு பலவீனமானது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். ஜிபிஎஸ் சாட்டிலைட்டுகள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அங்கிருந்து வருவது நம் ஆன்டெனாவைத் தொடும்போது, ஒரு வாட்டைக் கோடி கோடிப் பங்காக்கி அதில் ஒரு பங்கை மறுபடி நூறாகப் பிரித்த அளவுதான் மிச்சம். ரிசீவர் இதைக் கேட்பதென்பது, நோம்பிக்குக் கட்டிய குழாய் ஸ்பீக்கருக்கு அடியில் நின்றுகொண்டு எதிர்க்கரையில் ஒருவர் பேசுவதைக் காதில் வாங்குவது போன்ற காரியம். குறியீட்டுக் கணக்கின் சாமர்த்தியத்தால் அது சாத்தியமாகிறது. ஆனால் ஆன்டெனாவுக்குப் பக்கத்தில் ஏதாவது ஒரு மின்சாதனம் 1575.42 மெகாஹெர்ட்ஸுக்கு அருகில் கொஞ்சம் இரைச்சல் போட்டாலும் போதும், ஒன்றும் கேட்காது. மேகமும் சாதாரண மழையும் இந்த அலைவரிசையை அவ்வளவாகத் தொடுவதில்லை. அதனால் வானம் துல்லியமாக இருந்ததா என்று பார்ப்பது இங்கே உதவாது. நேரம் என்ன, பக்கத்தில் என்ன ஓடிக்கொண்டிருந்தது என்பவைதான் கேட்க வேண்டிய கேள்விகள்.

இப்போது காலையில் நடந்தது. உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது படகுக்காரரின் போன். வானத்தில் கோளாறு என்றாலோ, தொலைவிலிருந்து யாராவது ஜாம் செய்தார்கள் என்றாலோ, நான்கு மீட்டர் தள்ளியிருக்கும் அந்தப் போனும் தடுமாறியிருக்கும். முன் பலகையில் இருந்தவை மட்டும் செத்துப்போய், பின்னால் இருந்தது பிழைத்திருக்கிறது. ஆக, இரைச்சல் முன் பலகைக்குப் பக்கத்திலிருந்து வந்திருக்கிறது. அந்த வாரம்தான் புதிதாக ஒரு கேமராவும், 12 வோல்ட் பேட்டரியிலிருந்து போன் சார்ஜ் செய்ய ஒரு யுஎஸ்பி சாக்கெட்டும் மாட்டியதாக எழுதியிருக்கிறீர்கள். என் சந்தேகம் அந்த இரண்டின் மேல்தான்.

விலை மலிவான சார்ஜர்களில் 12 வோல்ட்டை 5 வோல்ட்டாக இறக்கும் சின்ன சுற்று ஒன்று இருக்கிறது. நொடிக்கு லட்சக்கணக்கான தடவை மின்சாரத்தை வெட்டி வெட்டி விடுவது அதன் வேலை. மேலே உலோக மறைப்பும் உள்ளே சரியான வடிகட்டியும் இல்லையென்றால், அந்த வெட்டிலிருந்து கிளம்பும் இரைச்சல் எங்கெங்கோ பரவும். கேமராக்களில் இருக்கும் வேகமான மின்னணுச் சுற்றுகளும் அப்படித்தான். கார்களில் டேஷ்கேம் மாட்டியதும் ஜிபிஎஸ் தடுமாறுகிறது என்று வருகிறவர்களை கோயம்புத்தூரில் எங்கள் சர்வீஸ் பெஞ்சில் அடிக்கடி பார்க்கிறேன். ஒரு தடவை படகு ரிசீவர் ஒன்றை மேசையில் வைத்து, சாட்டிலைட் ஒவ்வொன்றின் பலத்தையும் திரையில் பார்த்துக்கொண்டே, அதனுடன் வந்த எல்இடி விளக்கின் சுவிட்சைப் போட்டேன். 44, 45 என்று நின்ற எண்கள் எல்லாம் ஒரே நேரத்தில் 20க்குப் பக்கம் சரிந்தன. சுவிட்சை அணைத்ததும் எல்லாம் ஒன்றாக ஏறின. விளக்கை ஆன்டெனாவிலிருந்து ஒரு கை நீளம் தள்ளி வைத்ததும் பாதிக்கு மேல் சரியாகிவிட்டது. படகில் இந்த மாதிரி விளக்குகளால் தொல்லை வருவது ஊரறிந்த விஷயம்: 2018ல் அமெரிக்கக் கடலோரக் காவல்படை, எல்இடி விளக்குகளால் படகின் விஎச்எஃப் ரேடியோவும் கப்பல் அடையாளக் கருவியும் கெடுகின்றன என்று எச்சரிக்கையே வெளியிட்டது.

இந்தத் துறையில் எல்லோரும் எடுத்துக்காட்டும் சம்பவம் கலிபோர்னியாவின் மாஸ் லேண்டிங் துறைமுகத்தில் 2001ல் நடந்தது. துறைமுகம் முழுவதும் ஜிபிஎஸ் வேலை செய்யவில்லை. மாதக்கணக்கில் நீடித்தது. திசை காட்டும் ஆன்டெனாக்களை எடுத்துக்கொண்டு தேடினார்கள். கடைசியில் அகப்பட்டது, கட்டி நின்ற ஒரு படகின் டிவி ஆன்டெனா. அதில் சிக்னலைப் பெருக்க வைத்த சின்ன பூஸ்டர் கெட்டுப்போய், தானே ஒரு டிரான்ஸ்மிட்டர் மாதிரி அலை விட்டுக்கொண்டிருந்தது. அதை அணைத்த பிறகும் தொல்லை முழுதாக ஓயவில்லை. தேடியதில் இன்னொன்று, அப்புறம் மூன்றாவதாக ஒன்று. மூன்றுமே டிவி ஆன்டெனா பூஸ்டர்கள். படகு வைத்திருந்தவர்களுக்குத் தாங்கள் ஒரு துறைமுகத்தையே முடக்கியிருக்கிறோம் என்பது தெரியாது. அந்த டிவியில் படம் பார்ப்பதில் அவர்களுக்கு எந்தக் குறையும் தெரியாமல் இருந்திருக்கலாம். அடுத்த ஆண்டே அமெரிக்கக் கடலோரக் காவல்படை இதைப் பற்றி எச்சரித்தது. டிவி அலைவரிசைக்கும் ஜிபிஎஸ்ஸுக்கும் என்ன சம்பந்தம் என்றால், 525.14ஐ மூன்றால் பெருக்கிப் பாருங்கள், அப்படியே 1575.42 வரும். கெட்டுப்போன சுற்று எந்த அலை விட்டாலும் அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு அலைகளையும் சேர்த்தே விடும்.

நீங்கள் செய்ய வேண்டியது எளிது. படகைக் கரையில் கட்டி வைத்துக்கொண்டு, திறந்த வானத்தில், ஒவ்வொரு சாட்டிலைட்டின் பலத்தையும் எண்ணாகக் காட்டும் ஆப் ஒன்றைப் போனில் திறந்து ரிசீவருக்குப் பக்கத்தில் வையுங்கள். நல்ல வானத்தில் 40லிருந்து 50 வரை நிற்கும் எண்கள் பல இருக்கும். முதலில் பேட்டரியில் ஓடும் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஒவ்வொன்றாகப் போடுங்கள்: சாக்கெட், அதில் போன் சார்ஜ் ஏறும்போது ஒரு தடவை, ஏறாதபோது ஒரு தடவை, கேமரா, லேப்டாப், விளக்கு, மோட்டார். சார்ஜ் ஏறும்போது மட்டும் இரைச்சல் கிளம்பும் சார்ஜர்கள் உண்டு. உங்களுக்குக் கால் மணி நேரம் மட்டும் போய்த் திரும்பியதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். யாரோ போனைச் சொருகியிருப்பார்கள், பிறகு எடுத்திருப்பார்கள். அன்று காலை அந்த நேரத்தில் யார் சார்ஜ் போட்டது என்று குழுவில் விசாரியுங்கள்.

எண்கள் எப்படி விழுகின்றன என்பதைக் கவனமாகப் பாருங்கள், ஏனென்றால் கிட்டத்தட்ட முழு விடையும் அதில்தான் இருக்கிறது. எல்லாச் சாட்டிலைட்டும் ஒரே நேரத்தில் ஒரே அளவு சரிந்தால் அது பக்கத்து இரைச்சல் அல்லது ஜாமர். ஒரு திசையில் உள்ளவை மட்டும் மறைந்தால் அங்கே மறைப்பு இருக்கிறது: மலைச்சரிவு, படகின் தகரக் கூரை, ஆன்டெனாவின் மேல் சாய்ந்து நிற்கும் ஆள். ஈரத் துணி அல்லது மனித உடம்பு, இரண்டிலும் தண்ணீர் இருப்பதால் இந்த அலையை நன்றாகவே தடுக்கும். ஒவ்வொன்றும் தனித்தனியே, வேறு வேறு நேரத்தில் மேலும் கீழும் துள்ளினால் அது வானத்து வேலை. எல்லாமே ஒரே நொடியில் பூஜ்ஜியமாகித் திரையே புதிதாக ஆரம்பித்தால் ரிசீவர் மின்சாரம் குறைந்து அணைந்து எழுந்திருக்கிறது. மோட்டாரை ஸ்டார்ட் செய்யும்போது 12 வோல்ட் சட்டென்று இறங்கும் பேட்டரிகளில் இது நடக்கும். இரண்டுக்கும் ஒரே பேட்டரி வைக்காதீர்கள். பழைய ரிசீவர்களில் உள்ளே இருக்கும் சின்ன பேட்டரியும் செத்திருந்தால், எழுந்த பிறகு எந்தச் சாட்டிலைட் எங்கே என்ற பட்டியலை முதலிலிருந்து வாங்க வேண்டும். அந்தப் பட்டியல் முழுதாக வந்து சேர 12.5 நிமிடம் ஆகும். ஆன்டெனா கேபிளின் திருகு முனையையும் கழற்றிப் பாருங்கள். உள்ளே பச்சை பூத்திருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது.

இரவில் நடந்ததற்கு வருவோம். இது நம் ஊர்ப் பக்கத்துக்கே உரிய விஷயம். பூமியின் காந்த நடுக்கோடு தென்னிந்தியாவின் நுனி வழியாகப் போகிறது. 1963ல் நம் மண்ணிலிருந்து முதல் ராக்கெட்டை ஏவ தும்பாவைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுதான் காரணம். திருநெல்வேலியில் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் இருப்பதற்கும் அதுதான் காரணம். கொங்கு மண்டலம் அந்தக் கோட்டுக்கு வடக்கே கொஞ்ச தூரத்தில்தான் இருக்கிறது. இந்தப் பட்டையில் பொழுது சாய்ந்த பிறகு மேல் வளிமண்டலத்தின் அயனி அடுக்கு மேலே எழும்பி, அதன் அடிப்பகுதி நிலைகுலையும். மின்துகள் குறைந்த பெரிய குமிழிகள் அதற்குள் கிளம்பி மேலே ஏறும், வடக்கு தெற்காக நீண்டு, கிழக்கு நோக்கி நகரும். அந்தக் குமிழிகளின் விளிம்புகள் வழியாக வரும் சிக்னல் சிதறி மினுங்கும். பலம் கூடும், குறையும், கட்டம், அதாவது அலை ஏறி இறங்குவதில் எந்த இடத்தில் நிற்கிறது என்பது, துள்ளும். சென்டிமீட்டர் துல்லியம் வேண்டிய ரிசீவர் கட்டத்தை எண்ணித்தான் கணக்குப் போடுகிறது. எண்ணிக்கை அறுந்தால் ஃபிக்ஸ் போய்விடும், மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டும். போனுக்கு அவ்வளவு துல்லியம் வேண்டாம் என்பதால் அது கொஞ்சம் ஆடிக்கொண்டே வேலை செய்யும். நீங்கள் சொன்ன அறிகுறி அச்சு அசலாக இதுதான்.

நேரமும் ஒத்துப்போகிறது. சூரியன் மறைந்து ஒரு மணி நேரம் கழித்துத் தொடங்கி நள்ளிரவு வரை இது நடக்கும். பங்குனி, சித்திரை வாக்கிலும், புரட்டாசி, ஐப்பசியிலும், அதாவது பகலும் இரவும் சமமாக இருக்கும் காலத்தை ஒட்டி, அதிகம். சூரியன் கொந்தளிப்பாக இருக்கும் ஆண்டுகளில் இன்னும் அதிகம். இப்போது நடக்கும் 25ஆவது சூரியச் சுழற்சி 2024ல் உச்சத்தை எட்டியது. குஜராத், மத்தியப் பிரதேசம் பக்கம் மின்துகள் அடர்த்தி கூடுதல் என்பதால் மினுக்கம் இன்னும் கடுமையாக இருக்கும். நமக்கு அவ்வளவு இல்லை, ஆனால் ஃபிக்ஸை அறுக்க இது போதும். முன்னால் சொன்ன 1575.42 மெகாஹெர்ட்ஸுக்கு எல்1 என்று பெயர். அதைவிடக் குறைந்த அலைவரிசைகளான எல்2, எல்5 முதலில் அடிபடும். இதற்கு நீங்கள் செய்யக்கூடிய ஒரே நல்ல காரியம், அந்தக் காலத்தில் துல்லிய வேலையைச் சூரியன் மறையும் முன் முடித்துவிடுவது. ரிசீவரை மாற்றி இதைத் தீர்க்க முடியாது.

பகலில் சூரியனால் வரும் தொல்லையும் உண்டு, அரிதுதான். 2006 டிசம்பர் 6 அன்று சூரியனிலிருந்து கிளம்பிய ரேடியோ வெடிப்பு ஒன்று, அப்போது பகலாக இருந்த பூமிப் பாதி முழுவதும் ஜிபிஎஸ் ரிசீவர்களைத் திணறடித்தது. 2024 மே 10ல் வந்த பெரிய காந்தப் புயலில் அமெரிக்காவில் ஜிபிஎஸ்ஸை நம்பி விதைத்துக்கொண்டிருந்த டிராக்டர்கள் வரிசை தவறி நின்றன. அப்படி ஏதாவது நடந்தால் ஊரெல்லாம் பேச்சாகிவிடும். படகுக்காரர் போன் மட்டும் தப்பியிருக்காது.

ராணுவம், ஜாமர் என்ற சந்தேகம் வருவது இயல்பு, உலகில் நடக்காததும் அல்ல. 2007 ஜனவரியில் அமெரிக்கக் கடற்படைப் பயிற்சியின்போது சான் டியாகோ துறைமுகத்தில் ஜிபிஎஸ் சுமார் இரண்டு மணி நேரம் போனது. 2017 ஜூனில் கருங்கடலில் இருபதுக்கும் மேற்பட்ட கப்பல்களின் திரை, கப்பல் கரைக்குள் இருக்கும் ஒரு விமான நிலையத்தில் நிற்பதாகக் காட்டியது. இரண்டாவது வகை இன்னும் மோசம்: சிக்னல் போகாது, பொய்யான சிக்னல் வரும், திரை நிம்மதியாகத் தவறான இடத்தைக் காட்டும். வண்டியின் டிராக்கரை ஏமாற்ற ஓட்டுநர்கள் சொருகும் சின்ன ஜாமர்களும் சில கிலோமீட்டர் வரை தொல்லை தரலாம். நம் நாட்டில் தனியார் ஜாமர் வைத்திருப்பது சட்டவிரோதம். 2022ல் தொலைத்தொடர்புத் துறை மறுபடி அதை நினைவுபடுத்தியது. கரையிலும் தண்ணீரிலும் உள்ள எல்லாக் கருவியும் ஒன்றாகப் போனால், அதுவும் பல நாள் ஒரே இடத்தில் போனால், நேரத்துடன் குறித்து அந்தத் துறையின் வயர்லெஸ் கண்காணிப்பு அமைப்புக்குப் புகார் கொடுக்கலாம். உங்கள் காலை நிகழ்ச்சி அந்த வகையில் சேராது.

இன்னொன்று கேட்டீர்கள், நாவிக் இருந்தால் தப்பலாமா என்று. கொஞ்சம். அது ஜிபிஎஸ் மாதிரி இடம் காட்டும் நம் இஸ்ரோ அமைப்பு. எல்5 அலைவரிசையில் வேலை செய்கிறது, 2023ல் ஏவிய என்விஎஸ்-01லிருந்து எல்1லும் சிக்னல் சேர்த்திருக்கிறார்கள். கெட்ட சார்ஜரின் இரைச்சல் எல்1ஐ மட்டும் தாக்கினால் எல்5 வாங்கும் ரிசீவர் பிழைத்துக்கொள்ளும். மாலை மினுக்கத்துக்கு இது மருந்து ஆகாது.

எனக்கு உண்மையில் கவலையாக இருப்பது, இருட்டில் மாயாறு பக்கம் திரையை மட்டும் நம்பி வந்தீர்களே, அதுதான். அந்த வடகரை புலிகள் காப்பகக் காடு. சாயங்காலம் யானைகள் தண்ணீருக்கு இறங்கும் இடம். வழி தவறிக் கரை ஒதுங்கினால் அது நல்ல இடமாக இருக்காது. நீர்மட்டம் இறங்கும் காலத்தில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது: அணை கட்டியபோது மூழ்கிய டணாய்க்கன் கோட்டையும் கோயிலும் தண்ணீருக்கு மேலே தெரியும் நாட்களைவிட, ஒரு முழ ஆழத்தில் மறைந்திருக்கும் நாட்கள்தான் மோட்டாருக்கு மோசம். காந்தவயலுக்கும் லிங்காபுரத்துக்கும் நடுவே, பாலம் மூழ்கினால் படகு ஓட்டுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். மலை முகடு ஒன்றையும் கரையில் ஒரு மரத்தையும் நேர்க்கோட்டில் வைத்துத்தான் போவார்கள். கிளம்பும் முன் அப்படி இரண்டு மூன்று குறிகளை அவர்களிடம் கேட்டுத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கையில் பேட்டரி இல்லாத காம்பஸ் ஒன்றும், ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட்டும் இருக்கட்டும். ரிசீவரும் படகின் பேட்டரியில் ஓடாத ஒரு தனிக் கருவியும் இருந்தால், இரண்டும் ஒன்றாகப் போகிறதா, ஒன்று மட்டும் போகிறதா என்று உடனே தெரிந்துவிடும்.

கடைசியாக உங்கள் அளவுகள். சிக்னல் போன கோடுகளில், அதாவது படகு அளந்துகொண்டே ஓடிய வழிகளில், எக்கோ சவுண்டர் ஆழத்தைத் தொடர்ந்து பதிந்திருக்கும், இடம் மட்டும் இருக்காது. போன புள்ளிக்கும் வந்த புள்ளிக்கும் நடுவே மென்பொருள் ஒரு நேர்க்கோடு போட்டு நிரப்பிவிடும், அதை ஏற்காதீர்கள். காற்று படகை ஒதுக்கியிருக்கும். ஆழம் சட்டென்று மாறும் பழைய ஆற்றுத் தடத்தில் சில மீட்டர் தள்ளினாலே வண்டல் கணக்கு தப்பாகும். 32.8 டிஎம்சி அணையில் எவ்வளவு மிச்சம் என்று கீழ்பவானி வாய்க்காலை நம்பி இருப்பவர்களுக்குச் சொல்லப் போகிற எண் இது. காலைக் கோட்டைச் சார்ஜரைக் கழற்றிவிட்டு மறுபடி ஓட்டுங்கள். இரவுக் கோட்டை, மாலை 5 மணிக்குள் முடிகிற மாதிரி இன்னொரு நாள் ஓட்டுங்கள். ரிசீவரின் மூலப் பதிவு ஃபைலை அழிக்காமல் வையுங்கள். சாட்டிலைட் வாரியாகப் பலம் எப்படி ஏறி இறங்கியது என்று அதில் பார்த்துவிடலாம், நான் சொன்னது சரியா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.